முகக்களையும் முகப்பவுடரும்

மைசூரு தேவராஜ மொஹல்லாவில், சயாஜிராவ் சாலைக்கும் தேவராஜ அரசு சாலைக்கும் நடுவில் இருக்கிறது தேவராஜ மார்க்கெட். பூக்கடை, வெற்றிலைக்கடை, வாழைப்பழக்கடைகளைத் தாண்டினால் குங்குமக் கடைகள். தாம்பாளங்களில் கோபுரம்போலக் கூராகக் குவித்து வைத்த பொடிகள்: செங்குங்குமம், அரக்கு, மஞ்சள், காவி, ஊதா, பச்சை, கருநீலம். வெளிநாட்டுப் பயணிகள் நின்று படமெடுத்துப் போகும் வரிசை அது. அங்கிருந்து தேவராஜ அரசு சாலைப் பக்கம் வந்து, ஒரு பேன்சி ஸ்டோரில் முகத்துக்குப் பவுடர் கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் ஒரே நிறம், வெள்ளை. விலை கூடிய காம்பேக்ட் கேட்டால் வெள்ளையில் ஒரு சொட்டு ரோஜா கலந்தது வரும். தெருவில் நடப்பவர்களின் முகங்களோ கோதுமை நிறம், மாநிறம், கறுப்பு, இவற்றுக்கு இடைப்பட்ட எத்தனையோ நிறங்கள். நெற்றிக்கு வைக்க இத்தனை நிறம் வைத்திருக்கும் ஊர், முகத்துக்குப் பூச ஒரே நிறத்தோடு நின்றுவிட்டது ஏன்? முகம் பொலிய வேண்டும் என்றுதான் பவுடர் போடுகிறோம். அந்தப் பொலிவுக்கு வெள்ளைப் பவுடர் உதவுகிறதா என்று பார்ப்பதே இக்கட்டுரை. முடிவை முன்னாலேயே சொல்லிவிடலாம். முகத்தின் நிறம் திட்டுத்திட்டாக இல்லாமல் ஒருசீராகத் தெரிவதே பொலிவு. பவுடரால் தரக்கூடியதும் அந்த ஒருசீர்மை ஒன்றுதான். அதைத் தரவேண்டுமானால் பவுடர் நம் தோலின் நிறத்திலேயே இருக்க வேண்டும். அதோடு, அதில் கலந்திருப்பது என்ன என்பது நமக்குத் தெரிந்தாக வேண்டும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'முகம் களையாக இருக்கிறது' என்று தமிழில் சொல்கிறோம். மைசூருக் கன்னடத்திலும் அதே 'களெ'தான், அதே பொருளில். இந்தச் சொல்லில் நிறமே இல்லை. கறுத்த முகத்திலும் களை உண்டு, சிவந்த முகத்திலும் களை இல்லாமல் போவதுண்டு. இன்னும் பின்னால் போனால், சங்கப் பாடல்கள் பெண்ணின் மேனிக்குச் சொன்ன அழகு மாமை, அதாவது மாந்தளிரின் நிறம். தலைவன் பிரிந்தபோது அந்த மாமை கெட்டு, தன் நிறம் போய், மேனியில் படர்வது பசலை. திருக்குறளின் 119ஆம் அதிகாரமே 'பசப்புறு பருவரல்'தான். நிறம் வெளிறிப் படர்வதை நோயாகக் கண்ட மொழி நம்முடையது. பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. சிவப்பு நிறத்தின் மீதான ஆசையும் இந்த நாட்டில் நெடுநாளாக இருந்துதான் வருகிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பொலிவும் வெளுப்பும் வேறுவேறு என்பது நமக்கு வெளியிலிருந்து வந்த புதுக்கருத்து இல்லை, தினமும் வாயில் புழங்கும் சொல்லிலேயே இருக்கிறது.

ஒளி தோலில் என்ன செய்கிறது என்று பார்த்தால் அந்தச் சொல் எவ்வளவு சரியானது என்று தெரியும். முகத்தில் விழும் வெளிச்சத்தில் சுமார் 5 விழுக்காடு மட்டுமே மேற்பரப்பிலிருந்து அப்படியே திரும்புகிறது. எண்ணெய் வழியும் நெற்றியிலும் மூக்கிலும் பளபளப்பாகத் தெரிவது இந்தப் பங்குதான். மீதி ஒளி தோலுக்குள் நுழைகிறது. மெலனின் கொஞ்சம், ரத்தம் கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டது போக, உள்ளே சிதறிச் சிதறி மறுபடி வெளியே வருகிறது. முகத்துக்கு உயிர்ப்பைத் தருவது இப்படி உள்ளே போய்த் திரும்பிவரும் ஒளி. நல்ல பவுடரின் வேலை இரண்டே. மேற்பரப்பின் எண்ணெய்ப் பளபளப்பை மெல்லச் சிதறடிக்க வேண்டும். நிறம் திட்டாக மாறும் இடங்களில், கண்ணுக்குக் கீழே, வாயோரத்தில், பரு ஆறிய தழும்பில், அந்த வேறுபாட்டைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். உள்ளே போக வேண்டிய ஒளியை மறித்துவிடக் கூடாது. ஒளியை மறிக்கும் வெள்ளைப் பொடியை மாநிறத் தோலில் அப்பினால் ஒளி வாசலிலேயே திரும்பிவிடுகிறது. முகம் தட்டையாகி, சாம்பல் பூத்தது போலாகிறது. 'மாவு அப்பினாற்போல' என்று வீட்டில் கேலி செய்வது இந்த இயற்பியலைத்தான்.

பவுடர் போட்ட ஒரு மணி நேரத்தில் காணாமல் போகிறதே, அது ஏன் என்பதும் இதோடு சேர்ந்தது. டால்கம் பவுடரின் முக்கியப் பொருள் டால்க், மக்னீசியம் சிலிக்கேட் என்னும் மெத்தென்ற கனிமம். மாக்கல் என்று நாம் சொல்லும் கல்லின் இனம். இந்தியாவில் ராஜஸ்தானில் நிறைய வெட்டியெடுக்கப்படுகிறது. ஒளியை வளைக்கும் திறனை ஓர் எண்ணால் குறிப்பார்கள். காற்றுக்கு அது 1, தண்ணீருக்கு 1.33, எண்ணெய்களுக்கு 1.47 வாக்கில், டால்க்குக்கு 1.58 வாக்கில். இரண்டு பொருள்களின் எண்கள் விலகியிருந்தால் அவற்றின் எல்லையில் ஒளி சிதறும், கண்ணுக்கு வெள்ளை தெரியும். நெருங்கியிருந்தால் சிதறாது. உலர்ந்த டால்க் தூளைச் சுற்றிக் காற்று இருப்பதால் அது வெள்ளை. வேர்வையும் முகத்தின் எண்ணெயும் ஊறியதும் எண்கள் நெருங்கிவிட, வெள்ளை வேட்டி நனைந்தால் உடம்பு தெரிவதுபோல, டால்க் கண்ணாடியாகிவிடுகிறது. காம்பேக்ட்டிலும் வெளுப்பூட்டும் பவுடர்களிலும் சேர்க்கும் டைட்டானியம் டையாக்சைடின் எண் 2.5க்கும் மேல். அது நனைந்தாலும் வெள்ளைதான். ஆகவே வேர்க்கும் முகத்தில் டால்க் மறைய, டைட்டானியம் கோடுகோடாக நிற்கிறது. மைசூரின் மிதமான குளிரில் சாயங்காலம்வரை தாக்குப்பிடிக்கும் முகப்பூச்சு சென்னையில் பஸ் ஏறுவதற்குள் கலைவதற்கு இதுவே காரணம். பவுடரைக் குறைசொல்லி மேலும் மேலும் அப்பிக்கொள்வதால் பயன் இல்லை. முதலில் முகம் கழுவி, ஈரப்பதத்துக்கு மெல்லிய கிரீம் தடவி, அது ஊறிய பிறகு, எண்ணெய் வழியும் நெற்றி, மூக்கு, மோவாயில் மட்டும் கொஞ்சமாக ஒற்றியெடுப்பதே இந்தக் கணக்குக்குப் பொருந்தும்.

ஒருசீர்மைதான் பொலிவு என்பதற்குச் சான்று என்ன? 2006இல் பெர்னார்ட் ஃபிங்க், கார்ல் கிராமர், பால் மாட்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியமானது. பல வயதுப் பெண்களின் தோலில் நிறம் எப்படிப் பரவியிருக்கிறது என்பதை எடுத்து, ஒரே முக வடிவத்தின் மேல் கணினியில் பொருத்திக் காட்டினார்கள். வடிவம், சுருக்கம் எதுவும் மாறாதபடி, நிறப்பரவல் மட்டும் மாறியது. நிறம் சீராகப் பரவிய முகங்களையே பார்த்தவர்கள் இளமையானவை, ஆரோக்கியமானவை, அழகானவை என்று மதிப்பிட்டார்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு முகத்தின் நிறத்தை ஆரோக்கியமாகத் தெரியும்படி மாற்றச் சொன்னபோது, பார்த்தவர்கள் காய்கறி, பழங்களிலிருந்து வரும் கரோட்டினாய்டு மஞ்சள் சாயலைக் கூட்டினார்கள். 'இவையெல்லாம் பெரும்பாலும் வெள்ளையர் முகங்களை வைத்துச் செய்த ஆய்வுகள், நமக்கு எப்படிப் பொருந்தும்?' என்று கேட்கலாம். சரியான கேள்விதான், நம் முகங்களை வைத்து இன்னும் நிறைய ஆய்வு வேண்டும். ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெள்ளையர் முகத்திலேயே ஒருசீர்மையும் மஞ்சள் சாயலும் பொலிவைக் கூட்டுகின்றன என்றால், மேலும் வெளுப்பதே பொலிவு என்ற நம்பிக்கைக்கு வெள்ளைத் தோலிலேயே இடம் சுருங்கிவிடுகிறது. மாநிறத்தில் அதற்கு எங்கே இடம்?

அப்படியானால் வெள்ளை எப்படி நம் முகத்தில் ஏறியது? மேடையிலிருந்து தொடங்கலாம். மேக்கப் போடுவதற்குத் தமிழில் இன்றும் 'அரிதாரம் பூசுதல்' என்கிறோம். அரிதாரம் என்பது ஹரிதாளம், மஞ்சள் நிறக் கனிமம், ஆர்சனிக் சல்ஃபைடு. கன்னடத்தில் அரதாள. கதகளி வேடத்திலும் இந்தக் கனிமத்துக்கு இடம் உண்டு. மேடை முகம் மஞ்சளாகவும் சிவப்பாகவும் பச்சையாகவும் இருந்ததற்குக் காரணம் எண்ணெய் விளக்கின் மங்கிய வெளிச்சம். தூரத்தில் உட்கார்ந்தவருக்கு முகம் தெரிய வேண்டும். சினிமா வந்தபோது தேவை மாறியது. கறுப்பு வெள்ளைக் காலத்தின் தொடக்கக் கட்டப் பிலிம் சிவப்பு ஒளியை உணராது. சிவப்புச் சாயல் கொண்ட மாநிறத் தோல் அதில் இருப்பதைவிடக் கறுப்பாகப் பதியும். பிலிமின் குறையை ஈடுகட்டவே முகத்தில் வெளிர்ப்பூச்சு தேவைப்பட்டது. பிறகு வந்த பான்கேக் பூச்சு, டெக்னிகலர் வண்ணப் படங்களுக்காகச் செய்தது. சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் அது எப்படி மலைமலையாகச் செலவானது என்பதை அங்கே வேலை பார்த்த அசோகமித்திரன் பதிவு செய்திருக்கிறார். விளக்குக்கும் பிலிமுக்கும் போட்ட பூச்சைத் திரையில் பார்த்தவர்கள் பகல் வெளிச்சத்தில் போட்டுக்கொள்ளத் தொடங்கினார்கள். இன்றைக்கும் அதே கதை வேறு வடிவில் நடக்கிறது. கல்யாண மேடையில் சிலிக்கா கலந்த பவுடரைத் தாராளமாகப் போட்டுவிட்டால், கேமராவின் ஃபிளாஷ் பட்டதும் மணப்பெண்ணின் கண்ணுக்குக் கீழே இரண்டு வெள்ளைத் திட்டு விழுகிறது. நேரில் பார்த்தபோது இல்லாத வெள்ளை ஆல்பத்தில் நிரந்தரமாகிவிடுகிறது.

வியாபாரம் மேடையைவிட வலுவாக வேலை செய்தது. பம்பாயில் 1919இல் வந்த ஆப்கான் ஸ்னோவிலிருந்து 'ஸ்னோ' என்ற சொல்லே அழகுக்குப் பெயரானது. பனியே விழாத ஊர்களில் பனியின் நிறம் இலட்சியமானது. குட்டிகூரா பவுடர் டப்பா வீட்டுக்கு வீடு வந்தது. 1975இல் ஃபேர் அண்ட் லவ்லி வந்தபிறகு வெளுப்பே வேலைக்கும் கல்யாணத்துக்கும் தகுதி என்று விளம்பரங்கள் நேரடியாகவே சொல்லத் தொடங்கின. 2009இல் சென்னையிலிருந்து கவிதா இம்மானுவேலின் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. 2020இல் ஃபேர் அண்ட் லவ்லி பெயரிலிருந்து 'ஃபேர்' நீக்கப்பட்டு 'க்ளோ' வந்தது, அதாவது வெளுப்பு போய்ப் பொலிவு வந்தது. சொல் மாறியது நல்லதே. ஆனால் காம்பேக்ட் டப்பாக்களைத் திருப்பிப் பாருங்கள். ஷேடுகளின் பெயர்கள் ஐவரி, பேர்ல், ஷெல், மார்பிள்: தந்தம், முத்து, சிப்பி, பளிங்கு. எல்லாம் வெள்ளைப் பொருள்கள். கேழ்வரகு, புளியங்கொட்டை, கருப்பட்டி, தேக்கு என்று பெயர் வைக்கும் நிறங்கள் நம் முகத்தில் இருக்க, கடை அலமாரியில் இல்லை. அமெரிக்காவில் 2017இல் ஒரே நிறுவனம் 40 ஷேடுகளில் அடித்தளப் பூச்சைக் கொண்டுவந்தபோது கருநிறப் பெண்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். விலைபோகாது என்ற சாக்கு அன்றே உடைந்தது.

மைசூருக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. முதல் உலகப்போர் வந்து ஐரோப்பாவுக்குச் சந்தனக்கட்டை ஏற்றுமதி முடங்கியபோது, நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில், விஸ்வேஸ்வரய்யா திவானாக இருந்த காலத்தில், சந்தன எண்ணெயை இங்கேயே வடிப்பதென்று முடிவானது. அதிலிருந்து மைசூர் சாண்டல் சோப்பு பிறந்தது, சந்தன வாசனையோடு டால்கம் பவுடரும் பின்னால் வந்தது. ஊருக்குப் பெருமை சேர்த்த தொழில்தான். ஆனால் சந்தன பவுடர் என்று டப்பாவில் வருவது பெரும்பாலும் சந்தன வாசனை சேர்த்த டால்க். சந்தனத்தை இழைத்துப் பூசியபோது முகத்தில் படிந்தது மரத்தின் இளமஞ்சள் பழுப்பு நிறம், நம் தோலுக்கு நெருங்கிய நிறம். டப்பாவில் வந்தபோது வாசனை மிஞ்சியது, நிறம் வெள்ளையாகிவிட்டது. மஞ்சளுக்கும் இதே கதி. கஸ்தூரி மஞ்சள் தேய்த்துக் குளித்த முகத்தில் நின்ற சாயல்தான் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆய்வில் பார்த்தவர்கள் தேடிக் கூட்டிய சாயலுக்குப் பக்கத்தில் வருகிறது.

'அப்படியானால் பழையதற்கே திரும்பிவிடலாம், மஞ்சளும் சந்தனமும் குங்குமமும் போதும்' என்று உடனே ஒரு குரல் எழும். அந்தக் குரலோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை, காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பழைய பொடி என்பதாலேயே நல்ல பொடி ஆகிவிடாது. அரிதாரம் ஆர்சனிக். ஜப்பானில் கபுகி நடிகர்களும் கெய்ஷாக்களும் தலைமுறை தலைமுறையாகப் பூசிய வெள்ளைப் பவுடர் ஈயம். 1887இல் பேரரசர் முன்னிலையில் நடித்துக்கொண்டிருந்த நகமுரா ஃபுகுசுகே என்ற நடிகருக்குக் கால் நடுங்கி நிற்காமல் போக, அது ஈய நஞ்சு என்று தெரியவந்தது. அப்படியும் 1930கள்வரை அங்கே ஈயப் பவுடர் தயாரிப்பு நிற்கவில்லை. நம் குங்குமத்துக்கு வருவோம். அசல் குங்குமம் அழகான வேதியியல். மஞ்சளில் உள்ள குர்குமின், சுண்ணாம்பு போன்ற காரம் பட்டதும் மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறுகிறது. ஆரத்தித் தட்டில் மஞ்சள்நீரில் சுண்ணாம்பு கரைத்ததும் சிவப்பதை எல்லாரும் பார்த்திருப்போம். அதே மாற்றம்தான். ஆனால் அந்தச் சிவப்பு அடங்கிய சிவப்பு, நாள்பட மங்கும். தாம்பாளத்தில் பளீரென்று கண்ணைப் பறிக்கும் சிவப்பு வேண்டுமென்றால் மஞ்சள் மட்டும் போதாது, சாயம் வேண்டும். மலிவாக வேண்டுமென்றால் சில இடங்களில் ஈயச் செந்தூரமும் சேர்கிறது. 2017இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழில் வந்த ஆய்வில் நியூஜெர்சியிலும் மும்பை, டில்லியிலும் வாங்கிய 118 செந்தூர மாதிரிகளைச் சோதித்தார்கள். இந்தியாவில் வாங்கியவற்றில் 43 விழுக்காடு, அமெரிக்காவில் வாங்கியவற்றில் 19 விழுக்காடு, அமெரிக்க அரசு வைத்த ஈய வரம்பான கிராமுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தன. இது தேவராஜ மார்க்கெட்டின் எந்தக் கடையைப் பற்றிய முடிவும் இல்லை. ஆனால் தட்டில் குவித்து நூறு கிராம், இருநூறு கிராம் என்று பொட்டலம் கட்டும் உதிரிப் பொடி எதற்கும் லேபிள் கிடையாது என்பதை நினைவில் வைக்கத்தான் வேண்டும். அந்த வரிசையில் பச்சையும் ஊதாவும் கருநீலமுமாக நிற்பவை ரங்கோலிக்கான பொடிகள், கல்மாவில் சாயம் ஏற்றியவை. தரைக்குப் போட வேண்டியவை. விளையாட்டுக்குக்கூடக் குழந்தையின் கன்னத்தில் பூசிவிடக் கூடாது.

மஞ்சளுக்கும் எச்சரிக்கை தேவை. ஒவ்வாமையால் சிலருக்கு முகம் தடிக்கும். குங்குமம் வைத்த இடத்தில் கருத்துப்போகும் நோயைத் தோல் மருத்துவர்கள் இந்தியா முழுவதும் பார்க்கிறார்கள். கஸ்தூரி மஞ்சள் என்று விற்பது பல இடங்களில் வேறு கிழங்காக இருக்கிறது. ஆக, 'இயற்கை' என்ற ஒரு சொல்லை நம்பி எதையும் முகத்தில் பூச முடியாது. ஆனால் பழையதன் மீதான இந்த ஐயம் புதிய வெளுப்புப் பூச்சுகளின் பக்கம் நம்மைத் தள்ளிவிடவும் கூடாது. கேரளத்தில் மலப்புறம் மாவட்டக் கோட்டக்கல்லில் 2021க்கும் 2023க்கும் இடையில் சிறுநீரகத்தில் புரதம் ஒழுகும் நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, 15 பேருக்கு ஒரு குறிப்பிட்ட அரிய வகை இருந்தது. அவர்களில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். இத்தகைய கிரீம்கள் பலவற்றில் கலந்திருக்கும் பாதரசம் மெலனின் உருவாவதைத் தடுக்கும், அதனால் தோல் வெளுக்கும். அதே பாதரசம் தோல் வழியே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெளுப்பு ஆசைக்கு உடம்பு கொடுக்கும் விலை இது.

டால்க் புற்றுநோய் தருமா என்று கேட்காமல் இன்று பவுடரைப் பற்றி எழுத முடியாது. டால்க் படிந்திருக்கும் பாறைகளின் பக்கத்திலேயே ஆஸ்பெஸ்டாஸும் இருக்கக்கூடும். சுரங்கத்தில் இரண்டும் கலந்துவிட்டால் ஆபத்து உறுதி, ஆஸ்பெஸ்டாஸ் புற்றுநோய் தரும் என்பதில் ஐயமே இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் கலக்காத டால்க்கையும் 2024 ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2ஏ பிரிவில், 'மனிதருக்குப் புற்றுநோய் தரும் வாய்ப்புள்ளது' என்று வைத்தது. ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் டால்க் கலந்த குழந்தைப் பவுடரை 2020இல் வட அமெரிக்காவிலும் 2023இல் உலகம் முழுவதும் நிறுத்திக்கொண்டது. இதைப் படித்துவிட்டு அஞ்ச வேண்டிய அளவுக்கு அஞ்சினால் போதும். 2ஏ என்பது சான்று எவ்வளவு வலுவானது என்பதைச் சொல்கிறதே தவிர, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைச் சொல்வதில்லை. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி போன்ற சிவப்பிறைச்சியும், 65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடிக்கும் பானமும், இரவு ஷிப்ட் வேலையும் அதே பிரிவில்தான் இருக்கின்றன. கவலை மிகுதியாக இருப்பது பிறப்புறுப்புப் பகுதியில் நீண்டகாலம் போடுவதிலும், தூளை மூச்சில் இழுப்பதிலும். முகத்தில் கொஞ்சமாக ஒற்றிக்கொள்ளும் பெரியவருக்கு ஆபத்து அதைவிடக் குறைவு. பச்சிளம் குழந்தைக்குக் குளிப்பாட்டியதும் முகமெல்லாம் தூவி வெள்ளையாக்கும் வழக்கத்தை மட்டும் விட்டேயாக வேண்டும். குழந்தைக்கு அதனால் எந்த நன்மையும் இல்லை, அந்தத் தூள் அதன் நுரையீரலுக்குப் போகிறது.

இனி எனக்குக் கடினமாகத் தோன்றும் ஆட்சேபம். பத்து ரூபாய்ப் பொட்டலத்தில் வரும் வெள்ளைப் பவுடர், வேலைக்குப் போகும் பெண் ஒருத்தி தனக்கென்று செலவழிக்கும் ஒரே காசாக இருக்கலாம். முகம் கழுவி, பவுடர் போட்டு, பொட்டு வைத்துப் பூவைத்துக்கொண்டு வாசலைத் தாண்டுவது அவளுக்கு மரியாதை. அதைப் போய் 'உன் பவுடர் தவறு' என்று சொல்வது யார்? இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். பவுடர் போடுவதையே ஏளனம் செய்கிற, 'மேக்கப் இல்லாமல்தான் அழகு' என்று உபதேசிக்கிற எழுத்து எனக்கு உவப்பானது இல்லை. சீராகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில் ஒரு குற்றமும் கிடையாது. ஆனால் என் குறை அவள்மீது இல்லை, அவளுக்கு அந்த ஒரே நிறத்தை மட்டும் நீட்டுகிறவர்கள்மீது. பழுப்பும் மஞ்சளும் சிவப்பும் தரும் இரும்பு ஆக்சைடு மலிவான நிறமி. காவிக்கல்லின் நிறமும் அதுவே. அதைச் சேர்த்துப் பத்து ரூபாய்ப் பவுடரை மாநிறத்தில் செய்வது தொழில்நுட்பத்தால் முடியாத காரியமே இல்லை. இன்னொரு நன்மையும் உண்டு. 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளியே கருமையான தோலில் நிறத்தைக் கூட்டியது, வெளிர்தோலில் கூட்டவில்லை. கன்னத்தில் மங்கு விழுகிற நம் பெண்களுக்கு இது முக்கியமான செய்தி. அந்த ஒளியைத் தடுப்பதில் நிறமற்ற பூச்சைவிட இரும்பு ஆக்சைடு கலந்த பூச்சு நன்றாக வேலை செய்கிறது. பவுடர் ஒன்றே அதற்குப் போதாது, சன்ஸ்கிரீனும் வேண்டும் என்றாலும், நம் நிறத்துப் பவுடர் அழகுக்கு மட்டும் இல்லை, தோலுக்கும் துணை.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் அழகுப்பொருள் விதிகளின்படி நிறத்துக்காக ஈயச் சேர்மமோ ஆர்சனிக் சேர்மமோ சேர்க்கக் கூடாது. சாயங்களில் மாசாக இருக்கும் ஈயம் 10 லட்சத்தில் 20 பங்கையும், ஆர்சனிக் 2 பங்கையும் தாண்டக் கூடாது. கண்ணைச் சுற்றிப் போடாத பொருள்களில், தெரியாமல் கலக்கும் பாதரசம்கூட 10 லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. தயாரிப்பு உரிம எண் லேபிளில் இருக்க வேண்டும். டப்பாவுக்கு இருக்கும் இந்தக் கண்காணிப்பு தட்டில் குவித்த பொடிக்கும் வர வேண்டும். குங்குமக் கடைகளிலிருந்து அவ்வப்போது மாதிரி எடுத்துச் சோதித்து, முடிவைக் கடை வாசலிலேயே ஒட்டினால் நேர்மையாகக் குங்குமம் இடிப்பவருக்கு அது லாபம்தான், நட்டம் இல்லை.

பொடியைச் சோதித்து வாங்கும் வழக்கமும் நமக்குப் புதிதில்லை. சீவக சிந்தாமணியில் குணமாலையும் சுரமஞ்சரியும் யாருடைய சுண்ணப்பொடி உயர்ந்தது என்று போட்டியிட, தீர்ப்புக் கேட்டு வந்தபோது சீவகன் யார் பேச்சையும் நம்பவில்லை. இரண்டையும் காற்றில் தூவினான். குணமாலையின் பொடியை வண்டுகள் மொய்த்தன, மற்றது தரையில் விழுந்தது. பருவம் தவறி மழைக்காலத்தில் இடித்த பொடி அது என்று அவன் காரணமும் சொன்னான். நம் காலத்துச் சோதனை அதைவிட எளிது. அடுத்தமுறை காம்பேக்ட் வாங்கும்போது கடையின் டியூப்லைட் வெளிச்சத்தில் புறங்கையில் பூசிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். புறங்கை வேறு நிறம், முகம் வேறு நிறம். மோவாய் எலும்போரத்தில், கழுத்தும் முகமும் சேரும் இடத்தில் ஒரு விரல் அகலம் தடவிக்கொண்டு, கடையை விட்டு வெயிலுக்கு வாருங்கள். ஐந்து நிமிடம் பொறுத்துக் கைக்கண்ணாடியில் பாருங்கள். எங்கே தடவினீர்கள் என்று தெரியவில்லை என்றால் அதுதான் உங்கள் பவுடர். தெரிந்தால் உள்ளே போய், 'இதைவிடக் கருத்த ஷேடு இருக்கிறதா?' என்று கடைக்காரரிடம் கேளுங்கள். இல்லையென்று சொன்னாலும் அடுத்தமுறையும் அதையே கேளுங்கள்.